பொம்மைக்குப் பூசுகிற மஞ்சள்

எனக்குக் குழந்தை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் பிறந்துவிடுமோ என்று யாரும் காத்திருக்க வேண்டாம். காத்திருந்து காத்திருந்து எனக்கே அலுத்துப்போன விஷயம் அது.

விருத்தாசலத்துக்கு நான் கல்யாணமாகி வந்தவள். பிறந்த ஊர் கம்மாபுரத்துப் பக்கம். நிலம் நெய்வேலிச் சுரங்கத்துக்குப் போகப்போகுது, போகப்போகுது என்று வருஷம் பூராவும் பேசிக்கொண்டே கடலை போடுகிற ஊர். இங்கே வந்து பார்த்தால் தெருவுக்கு நாலு பேர் பீங்கான் கம்பெனியில் வேலை. என் வீட்டுக்காரர் சூளையில் இருந்தார். வந்த இரண்டாவது மாதமே நானும் அதே கம்பெனியில் கலர் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு அது தேவலை என்று தோன்றியது.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அச்சில் வார்த்துக் காயவைத்து ஒரு தரம் சுட்ட பொம்மைகள் எங்களிடம் வரும். மான், வாத்து, பிள்ளையார், கன்னத்தில் கை வைத்த குழந்தை. கலர்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்த கூழ் தொட்டியில் இருக்கும். பொம்மையைக் காலைப் பிடித்து முக்கி எடுத்து, ஈர ஸ்பாஞ்சால் அடிப்பாகத்தைத் துடைத்து, பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். துடைத்தது காய்ந்து தூளாகும். தூள் காற்றாடிக்குப் பறக்கும். மத்தியானம் அதே பலகையைத் தள்ளிவைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். கை கழுவத்தான் கழுவுவோம். நகக்கண்ணில் இருக்கிற மஞ்சளும் சிவப்பும் எந்தச் சோப்புக்கும் போகாது.

கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. டீ கப்புக்கும் தட்டுக்கும் வெள்ளைப் பூச்சு, அது பெரிய சூளைக்குப் போகும். பொம்மைக்குக் கலர்ப் பூச்சு, அது சின்னச் சூளைக்குப் போகும். கலர்ப் பூச்சுக்கு அவ்வளவு சூடு வேண்டாம், சீக்கிரம் உருகிவிடும். உருகி வந்தால் அப்படி ஒரு பளபளப்பு, முகம் தெரியும். ஏன் கப்புக்கு அதைப் பூசுவதில்லை என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. கலர்ப் பொடி விலை ஜாஸ்தி, அதனால்தான் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர் துண்டில் சுற்றி ஒரு கப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நல்ல பெரிய கப்பு. கைப்பிடி கொஞ்சம் கோணல், அதனால் கழித்துப் போட்டிருந்தார்கள். அதை எடுத்துப் பொம்மை மஞ்சளில் உள்ளேயும் வெளியேயும் முக்கி, சின்னச் சூளையின் மூலையில் யாருக்கும் தெரியாமல் வைத்துச் சுட்டிருக்கிறார்.

"மஞ்சள்னா புடிக்கும்னியே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்த மனுஷன் அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, எனக்காகத் தானாக ஒரு முழம் பூ வாங்கி வந்தவர் இல்லை. அந்தக் கப்பை நான் எப்படி வைத்துக்கொண்டிருந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் போயிற்று. "என்னம்மா, ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அப்புறம் சிரிக்காமல் கேட்டார்கள். வளைகாப்பு வீடுகளில் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். கம்மாபுரத்துக்குப் போனால் என் அம்மா வாசலிலேயே என் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பாள். முகத்தை அப்புறம்தான் பார்ப்பாள். பெற்றவளே இப்படிப் பார்த்தால் மற்றவர்களை என்ன சொல்ல?

என் மாமியார் நல்லவர். இதை எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை, ஆனாலும் உண்மை அதுதான். என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. அவருக்கு ஒரே ஒரு முடிவுதான்: சூடு. "அவன் சூளையில வேவுறான். நீ அந்த ஷெட்டுல வேவுற. ஒடம்பு பூரா சூடு. சூட்டுல என்னாம்மா தங்கும்?" என்பார். சூட்டுக்கு மருந்து நீராகாரம். சாயங்காலமே பழைய சோற்றுத் தண்ணீரில் புளித்த மோரை விட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு, கப்பில் ஊற்றி மூடி வைத்துவிடுவார். மறுநாள் விடியலில் வெறும் வயிற்றில் நான் அதைக் குடிக்க வேண்டும்.

எந்தக் கப்பு? அந்த மஞ்சள் கப்புதான். எவர்சில்வர் சூடாம், பித்தளையில் மோர் களிம்பேறுமாம். பீங்கான்தான் குளிர்ச்சி என்று மாமியார் சொன்னார். "அவன் ஆசயா பண்ணிக் குடுத்தது. அதுல குடிச்சா ராசிதான்" என்றும் சொன்னார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஒரு நாள் தவறாமல் குடித்தேன்.

வேறு என்னென்னவோ செய்தோம். வீட்டுக்கு விலக்கான நாட்களில் மலைவேம்புச் சாறு, அதுவும் அந்தக் கப்பில்தான். கசப்பில் கண்ணீர் வந்துவிடும். கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினோம். எங்கள் பக்கத்தில் எந்தக் குறையாக இருந்தாலும் அவரிடம்தான் எழுத்தில் புகார் கொடுப்போம். யாருக்கு எதிராகப் பிராது என்று எழுதச் சொன்னார்கள். யார் மேல் எழுத? கடைசியில் என் தலையெழுத்தின் மேலேயே எழுதிவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் ஒன்றைக் கவனித்தேன். கப்பின் உட்பக்கம் பளபளப்பு போய்க்கொண்டிருந்தது. நீராகாரம் நிற்கிற மட்டம் வரைக்கும் மங்கல், அதற்கு மேலே பழைய மினுக்கு. நடுவே ஒரு வளையம் தெளிவாகத் தெரிந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "உங்க சூளை லட்சணத்தப் பாருங்க. ரெண்டு வருஷம்கூடத் தாங்கல" என்று அவரிடம் காட்டினேன். அவர் வாங்கி, நகத்தால் விளிம்பில் சுண்டிப் பார்த்தார். சூளைக்காரர்கள் எதைக் கையில் எடுத்தாலும் அப்படித்தான் சுண்டுவார்கள். நன்றாக வெந்தது கணீர் என்று கேட்கும். இது டொக்கென்றது. "சின்னச் சூளைல வச்சதுல்ல, கொஞ்சம் வேகல" என்றார். அதோடு இரண்டு பேரும் அதை மறந்துபோனோம்.

அந்த வருஷங்களில் என் உடம்பைப் பற்றிச் சொல்வதென்றால், சலிப்பு. காலையில் எழுந்திருக்கும்போதே ஒரு நாள் வேலை செய்த களைப்பு. வயிற்றைப் பிசைகிற வலி வரும், போகும். வாயில் காசை அடக்கி வைத்திருப்பது போன்ற ருசி. ஷெட்டில் என் பக்கத்துப் பலகையில் ஒரு அக்கா இருந்தார். அவரிடம் சொன்னேன். "எனக்கும்தான்டி இருக்குது. இந்த வேலைக்கு வந்தா அப்படித்தான். வெத்தலய மெல்லு, போயிரும்" என்றார். அந்த அக்காவுக்கு நாலு பிள்ளைகள். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கலர் ஷெட்டில் வேலை செய்த எல்லோருக்கும் என் கதி வந்துவிடவில்லை. அதனால்தான் பின்னால் நான் யாரிடம் என்ன சொன்னாலும் "ஏன், அவளுக்கு நாலு பொறக்கலியா?" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்தார்கள்.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. ஊரில் போனோம், சிதம்பரத்துக்குப் போனோம். மாத்திரை, ஊசி, ஸ்கேன். முட்டை வளரவில்லை என்று ஒருவர் சொன்னார், வளர்கிறது ஆனால் வெடிக்கவில்லை என்று இன்னொருவர் சொன்னார். என் வீட்டுக்காரரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அதற்கு ஒரு பெரிய சண்டை நடந்து, ஒரு வாரம் பேசாமல் இருந்து, பிறகு போனார். அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று வந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்கூட நிம்மதியாக இருந்தது, கூத்தைப் பாருங்கள்.

கடைசியாகப் பாண்டிச்சேரியில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். நாலைந்து தடவை போன பிறகு ஒரு நாள் நான் தனியாகப் போக வேண்டியதாயிற்று. சூளை பற்றவைத்துவிட்டால் ஆறும் வரைக்கும் சூளைக்காரன் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. "நீ போயிட்டு வா. என்னா சொல்றாங்களோ கேட்டுக்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

அதற்கு முந்தின தடவை அந்த டாக்டர் ஸ்கேன் படத்தை வெகுநேரம் பார்த்தார். நான் வழக்கம்போல மாத்திரைச் சீட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் எழுதவில்லை.

"நீங்க என்ன வேலைம்மா பாக்குறீங்க?"

இத்தனை வருஷத்தில், இத்தனை ஆஸ்பத்திரியில், ஒருத்தர் கேட்காத கேள்வி. சொன்னேன். கையை நீட்டச் சொன்னார். நகங்களைப் பார்த்தார். ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அதன் முடிவைக் கேட்கத்தான் நான் தனியாகப் போனது. ரத்தத்தில் காரீயம் இருக்கக்கூடாத அளவுக்கு இருக்கிறது என்றார். அந்த மாதிரிக் கலர்ப் பூச்சு சீக்கிரம் உருகவும் மினுங்கவும் அதில் காரீயம் கலப்பது உண்டாம். தூளாக மூச்சில் போகும், கையிலிருந்து சோற்றில் போகும் என்றார்.

"ஆனா நீங்க சொல்ற வேலைக்கு இது ரொம்ப அதிகமா தெரியுது. வீட்டுல அந்தக் கலர் போட்ட பாத்திரம் எதுலயாவது சாப்பிடுறீங்களா? புளிப்பான பொருள் எதாவது ஊத்தி வைக்கிறீங்களா? புளிப்பு அந்தப் பூச்சைக் கரைச்சுடும்."

எனக்கு அந்த வளையம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பளபளப்பு போய்விட்டது, போய்விட்டது என்று புலம்பினேனே, அது எங்கே போயிருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? என் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது. தினம் விடியலில், வெறும் வயிற்றில், பிள்ளை வேண்டும் என்று வேண்டிக்கொண்டு.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "ஆம்பளைங்களுக்கு அது தெனமும் புதுசா உண்டாகும்மா. நமக்கு அப்படி இல்ல. உங்க அம்மா வயித்துல நீங்க இருக்கும்போதே உங்க முட்டை எல்லாம் வந்துடுது. அப்புறம் புதுசா ஒண்ணும் வராது. பொறந்ததுலேர்ந்து நீங்க எதைச் சாப்பிட்டீங்க, எதுல மூச்சு விட்டீங்க, எதைத் தொட்டீங்க, எல்லாம் அதுங்களையும்தான் போய்த் தொடுது." வயலில் அடிக்கிற மருந்தையும் சொன்னார், பிளாஸ்டிக்கையும் புகையையும் சொன்னார். சின்ன வயதில் அப்பா பருத்திக்கு மருந்து அடிக்கும்போது குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியது நான்தான். டப்பாவைக் கழுவி அதில் உப்புப் போட்டு வைத்தவள் என் அம்மா. இதை டாக்டரிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"அப்ப அதனாலதான் எனக்குத் தங்கலையா, டாக்டர்?"

"அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். உங்க வயசுக்கு முட்டையோட தரம் இவ்வளவு மோசமா இருக்கக்கூடாது. முதல்ல அதெல்லாத்தையும் நிறுத்துங்க. ரத்தத்துல குறையட்டும், பாப்போம்."

பஸ் நெய்வேலியைத் தாண்டும் வரைக்கும் எனக்கு அழுகைகூட வரவில்லை. யாரைத் திட்டுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கம்பெனியைத் திட்டலாம், அங்கே பொடி மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. ஆனால் பொம்மைக் கலர் பூசின கப்பில் நீராகாரம் குடி என்று எந்த முதலாளியும் சொல்லவில்லை. கப்பு என் வீட்டுக்காரர் கொடுத்தது. ஊற்றி வைத்தது மாமியார். இரண்டு பேரும் என் மேல் ஆசை வைத்துச் செய்தது. திட்டுவதற்கு ஒரு ஆள் அகப்பட்டிருந்தால் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கப்பைக் குழாயடிக்கு எடுத்துப் போய்க் கல்லில் போட்டேன். கை நழுவிவிட்டது என்று சொன்னேன். சூளை ஆறி வீட்டுக்கு வந்த அவர் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, வேலையை மாற்றிக்கொள்ளச் சொன்னார், தூசு ஆகாதாம் என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

"கப்பு போனா போவுது, கழுத. அதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்குற? வேற போட்டுத் தரேன்" என்றார். நான் வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிற ஆள் அவர்.

நான் பேக்கிங் பக்கம் மாறிவிட்டேன். வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அடுத்த தடவை சின்னச் சூளை பிரித்த அன்று சாயங்காலம் அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். துண்டைப் பிரித்தார். அதே மஞ்சளில் ஒரு பெரிய கப்பு, இந்தத் தடவை கைப்பிடி கோணல் இல்லை. அதன் உள்ளே இன்னொரு கப்பு. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி, குட்டிக் கைப்பிடி வைத்தது. அவரே வார்த்து, அவரே ஒட்டியது.

"சின்னது யாருக்குன்னு கேக்க மாட்டியா?" என்றார்.

மாமியார் கடைக்குப் போயிருந்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காரீயம், புளிப்பு, வளையம், முட்டை, எல்லாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பெரிய கப்பைக் கையில் வைத்துக்கொண்டு பழக்க தோஷத்தில் நகத்தால் சுண்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் சுண்டுவதை நிறுத்தினார்.

"அப்ப நான்தான் குடுத்தேனா?"

"நீங்க கப்புதாங்க குடுத்தீங்க. ஊத்துனது ஒங்கம்மா. குடிச்சது நானு. இதுல யாரப் போயி என்னான்னு சொல்றது?"

"ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா…" என்றார். முடிக்கவில்லை. ஆறு வருஷம் சூளையில் நின்ற மனுஷன், புகை கண்ணில் பட்டால்கூடத் துடைக்காதவர், அன்றைக்குத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு அவ்வளவு அசதியாக இருந்தது.

பெரிய கப்பை அவரே குழாயடிக்குக் கொண்டுபோய் உடைத்தார். சின்னதை எடுத்தார். கையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. நான் போய் வாங்கிக்கொண்டு வந்து அலமாரியில் வைத்தேன்.

மாமியாரிடம் நாங்கள் சொல்லவே இல்லை. இருக்கும் வரைக்கும் அவர் நீராகாரம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார், எவர்சில்வர் தம்ளரில், "இது சூடு, சொன்னா யாரு கேக்குறாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே. ரத்தத்தில் இருந்தது மெள்ள மெள்ளக் குறைந்தது. எலும்பில் போய்த் தங்கியது அவ்வளவு லேசில் போகாதாம். ஸ்கேன் மட்டும் கடைசி வரை மாறவில்லை. இரண்டு முறை தங்கியது போல இருந்து கலைந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. ஒரு கட்டத்தில் பாண்டிச்சேரிக்குப் போவதை நிறுத்திவிட்டோம். யார் முதலில் நிறுத்தலாம் என்று சொன்னது என்பதுகூட ஞாபகம் இல்லை. கொஞ்ச நாளில் ஊரும் கேட்பதை நிறுத்திவிட்டது. கேட்டபோது எரிச்சலாக இருந்தது, கேட்காமல் விட்டபோதுதான் இனி இல்லை என்று புரிந்தது.

அரசாங்கம் கலர் டிவி கொடுத்தபோது அதை அந்த அலமாரியில்தான் வைத்தோம். மேல் தட்டில் அந்தக் குட்டிக் கப்பு. பக்கத்து வீட்டுக் குழந்தை கார்ட்டூன் பார்க்க வரும். அவர்கள் வீட்டில் கேபிள் கிடையாது. மூன்று வயசு, வாயாடி. என்னைப் 'பெரிம்மா' என்று கூப்பிடும். ஒரு நாள் அதன் அம்மாவும் கூட வந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை டிவியை விட்டுவிட்டு மேலே கையைக் காட்டியது.

"பெரிம்மா, அந்த மஞ்சக் கப்பு. அதுல மோரு."

"அது வேணாம் கண்ணு. உனக்கு வேற தம்ளர்ல தரேன்."

"அதுதான் வேணும்!"

பெண்ணை மடியில் இழுத்துக்கொண்டு அவள் சிரித்தாள். "குடுங்கக்கா, ஒடைக்க மாட்டா. நான் புடிச்சிக்கிறேன்."

"இல்லம்மா. அதுல மருந்து இருக்குது. பொம்மைக்குப் பூசுறது. அதுல எதயும் குடிக்கக் கூடாது" என்றேன்.

"வெறும் கப்பாத்தான் இருக்குது, மருந்து எங்க இருக்குது?" என்றாள். குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் எழுந்து நாற்காலியைப் போட்டு அலமாரியில் கை வைக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். கொஞ்சம் வேகமாகவே தள்ளிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் யாரிடமோ சொன்னது நன்றாகக் காதில் விழுந்தது.

"ஒரு கப்பத் தர மனசு வரல பாரேன். பெத்திருந்தா தெரியும்."

எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். உட்கார்ந்துவிட்டேன். வேலை விட்டு வந்த என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் அந்தக் குட்டிக் கப்பை எடுத்தார். குழாயடிக்குப் போனார். இந்தத் தடவை கை இறங்கியது.

மறுநாள் அந்தக் குழந்தை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அதன் அம்மா என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். டாக்டர் முட்டையைப் பற்றிச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அது பெண் குழந்தை.